வலப்பக்க இறக்கை

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அதைப் பற்றி யாராவது பெரிதாகப் பேசினால், "பட்டனை அமுக்கறதுல என்ன இருக்கு, யாரு வேணும்னாலும் அமுக்கலாம். எழுத்த வைக்கிறதுதான் வேலை" என்பார். எழுத்து என்றால் ஈயத்தில் செய்த இரண்டு சின்ன எழுத்துகள். எல் என்றால் இடது, ஆர் என்றால் வலது. கையோ காலோ மார்போ, படம் எடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்துக்கு உரிய எழுத்தை ஓரமாக வைத்துவிட வேண்டும். எலும்போடு சேர்ந்து அதுவும் படத்தில் வெள்ளையாக விழும். வெறும் முட்டி எலும்பைப் பார்த்து இது இடது காலா வலது காலா என்று சட்டென்று சொல்லிவிட முடியாதாம். அந்த ஒரு எழுத்தை நம்பித்தான் டாக்டர் கத்தியை எடுக்கிறார்.

இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றி வைத்ததில்லை என்பது அவருடைய பெருமை. பெருமைப்பட வேறு எதையும் அவர் சேர்த்து வைக்கவில்லை. அந்த ஒன்றுக்கும் ஆபத்து வந்துவிட்டது என்பதை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். அங்கே அவர் ஒரு பொம்மை விமானம் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் என் தம்பி கேலி செய்வான்: "அக்கா, மாமா உன் முகத்த எங்க பாத்தாரு? எலும்பெல்லாம் நேரா இருக்கான்னு பாத்துட்டு சரின்னுட்டாரு." அதில் பாதி உண்மை. தெருவில் யாராவது எதிரே வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டார். நடையைப் பார்த்து, "இடுப்புல தேய்மானம்" என்பார். அதிகம் பேசமாட்டார். கோபம் வந்தாலும் கத்தமாட்டார், ஒரு துணியை எடுத்துக்கொண்டு மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டு மேஜையைப் போல் பளபளப்பான மேஜையை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது, அதற்குக் காரணம் நான்தான்.

நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து வருகிற சட்டைகளை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்கிறேன் என்பது அவருடைய குற்றச்சாட்டு. நானும் மறுத்ததில்லை.

பொம்மை விமானப் பைத்தியம் முதலில் பிடித்தது என் தம்பியைத்தான். லிஃப்ட் மெக்கானிக். வாரமெல்லாம் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டிருப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது வானத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பொட்டல் வெளியில் நாலைந்து பேர் சேர்ந்து பறக்கவிடுவார்கள். கூடவே மாமாவையும் இழுத்துக்கொண்டு போனான். இவர் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று செய்தார். ஒரே பலகையை இழைத்து இறக்கை என்று மேலே ஒட்டிவிடுகிற வகை. அவை பறந்தன, விழுந்தன, ஒட்டப்பட்டன. அதோடு நிற்கும் என்று நினைத்தேன்.

ஒருநாள் பழைய பேப்பர் கடையிலிருந்து அட்டை கிழிந்த ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்தார். நடுப்பக்கத்தில் ஒரு வரைபடம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு அடுக்கு இறக்கை வைத்த பழைய காலத்து விமானம், நடுவில் குச்சிகள், குறுக்கே கம்பிகள். தம்பி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மாமா, இது நமக்கு எதுக்கு? நாலு இறக்கை. ஒவ்வொண்ணுலயும் விலா எலும்பு மாதிரி இத்தனை துண்டு. ஆசையா இருந்தா டப்பால ரெடியா வெட்டி விக்கிறான், வாங்கி ஒட்டுங்க."

"வெட்டினத வாங்கி ஒட்டறதுக்கா? வேண்டாம் மாப்ள. நானே மொதல்லேருந்து செய்யறேன்."

அவர் குரலில் ஒரு பிடிவாதம் இருந்தது. பொழுதுபோக்குக்கு எதற்கு இவ்வளவு வீம்பு என்று எனக்கு அப்போது புரியவில்லை.

படம் பத்திரிகைப் பக்கம் அளவுதான் இருந்தது. அதை நான்கு மடங்கு பெரிதாக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரப் பெண் துண்டு துண்டாகப் பெரிதாக்கி நீட்டினாள். இவர் பையிலிருந்து ஸ்கேலை எடுத்துச் சக்கரத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்து பார்த்தார்.

"சக்கரம் முட்டையா வந்திருக்கும்மா. பேப்பர் போற பக்கம் உங்க மிஷின் ஒரு இழுப்பு இழுக்குது. எல்லாத்தையும் ஒரே பக்கமாப் போட்டு எடுங்க, நீளத்துக்கு நான் கணக்குப் பண்ணிக்கறேன்."

"சார், ஒரு நூல் அளவு கூட இருக்காது சார்."

"ஒரு நூல் போதும்மா கோணறதுக்கு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். இவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று கேட்காத குறை. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

துண்டுகளை டேப் போட்டு ஒட்டியதும் அது மேஜை முழுவதையும் அடைத்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு மடியில். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் முணுமுணுத்தால், "சீக்கிரம் முடிஞ்சுடும்" என்பார், காய் நறுக்கி முடிக்கிற மாதிரி.

அந்த வரைபடத்தில் இடப்பக்கத்து இறக்கைகள் மட்டும்தான் இருந்தன. பழைய வரைபடங்களில் அப்படித்தானாம். இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு பக்கத்தை மட்டும் வரைந்துவிட்டு, மற்ற பக்கத்தைத் திருப்பிச் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு வழி இருந்தது. காகிதத்தில் சமையல் எண்ணெயைத் தடவினால் கோடுகள் பின்பக்கமும் தெரியும். காகிதத்தைக் குப்புறப் போட்டு அதன் மேல் கட்டினால் வலப்பக்கத்து இறக்கை வரும்.

"எப்படித் தெரியும்னா," என்று எனக்குப் பாடம் நடத்தினார், "எழுத்து நேரா படிக்க வந்தா அது இடது. கண்ணாடில தெரியற மாதிரி திரும்பி இருந்தா வலது. அவ்வளவுதான்."

"ஏன், இடதையே ரெண்டு செஞ்சு ஒண்ண கவுத்துப் போட்டா ஆகாதா?"

"ஆகாது. இறக்கைக்கு மேல்பக்கம் வளைவு, அடிப்பக்கம் தட்டை. கவுத்தா வளைவு அடில போயிடும். பறக்காது, குப்புற விழும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. சட்டைக்கையும் அப்படித்தான். இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்தால் என்ன செய்தாலும் உட்காராது.

வரைபடத்தின் மேல் கண்ணாடித்தாள். அதன் மேல் காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் கனம் என்று சொல்லத்தக்க பால்சா மரக்குச்சிகள், குண்டூசிகள், பசை. துண்டுகளை எல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்துப் பிடித்து உப்புத்தாளால் தேய்ப்பார், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்காது. வீடு முழுக்க மரத்தூள். துவைத்து மடித்த துணியிலும் தூள். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் குனிந்திருக்கிற அந்தத் தலையைப் பார்க்கும்போது, குடித்துவிட்டு வராத, சீட்டாடப் போகாத மனுஷன், ஏதோ செய்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றும்.

கீழடுக்கில் இடப்பக்க இறக்கை முடிந்தது. அடுத்து வலப்பக்கம். அதுவும் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியின் முன்னால் இரண்டையும் உடம்போடு வைத்துப் பார்த்தார். இரண்டும் இடது.

தம்பி தரையில் உட்கார்ந்து சிரித்தான். "வாங்க மாமா, வாங்க! இப்பதான் நீங்களும் எங்க ஆளு. இதச் செய்யாதவன் எவனும் கிடையாது. நான் ரெண்டு தடவ செஞ்சிருக்கேன். எங்க கூட்டத்துல ஒருத்தன் ரெண்டு விமானத்துக்கு ஆகற மாதிரி செஞ்சு வெச்சிருக்கான்."

நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் சிரித்த முகத்தில் ரத்தம் இல்லை. அந்த இறக்கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பொம்மைக்கு இவ்வளவு சங்கடமா என்று நினைத்துக்கொண்டு டீ போடப் போனேன்.

அதற்குப் பிறகு வேலை நடந்துகொண்டேதான் இருந்தது. "வலது இறக்கை வந்துடுச்சா?" என்று கேட்டால், "பசை காயணும்" என்பார். மறுபடி கேட்டால், "மேல் இறக்கைய மொதல்ல பாத்துக்கலாம்னு இருக்கேன்" என்பார். ஒருநாள் வீட்டைக் கூட்டும்போது துணி அலமாரிக்குப் பின்னால் துடைப்பம் எதிலோ இடித்தது. பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் ஒரு இறக்கை. முதலில் தப்பாக வந்ததைப் பரணில் போட்டுவிட்டார் என்று எனக்குத் தெரியும். இது வேறு.

பரணிலிருந்து அதையும் இறக்கி, இடப்பக்கத்துக்குச் சரியாக வந்ததையும் எடுத்து, மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். வளைவு மேலே, தட்டை கீழே, நுனி ஒரே பக்கம்; முன்விளிம்பும் மூன்றிலும் ஒரே பக்கமே வந்தது. மூன்றும் இடது. வேலை மூன்றிலும் அத்தனை சுத்தம்.

எங்கள் செக்கிங் மேஜையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சட்டையில் இரண்டு இடது கை வந்தால் தைத்த பெண் அசந்துவிட்டாள் என்று ஒதுக்கி வைப்போம், கேலியும் செய்வோம். அதே மிஷினிலிருந்து இன்னொன்று அப்படியே வந்தால் யாரும் கேலி செய்யமாட்டோம். மிஷினை நிறுத்திவிடுவோம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் வேலை முடிந்து வந்தார். மேஜையைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"இது என்னங்க?"

"அதுவா? பழக்க தோஷம்." பதிலை முன்பே யோசித்து வைத்திருந்தார் என்று தெரிந்தது. "படத்துல எழுத்து திரும்பித் தெரிஞ்சா படத்தத் தப்பாப் பிடிச்சிருக்கோம்னு அர்த்தம். உடனே திருப்பணும். காலமெல்லாம் அதத்தான செஞ்சிட்டிருக்கேன்? இங்கயும் எழுத்து திரும்பி இருந்ததும் கை தானா திருப்பிடுச்சு. வேற ஒண்ணுமில்ல."

நல்ல பதில். நானே நம்பியிருப்பேன். ஆனால் செக்கிங்கில் இருப்பவளுக்கு ஒரு குறையைப் பார்த்தால் அடுத்ததைத் தேடாமல் இருக்க முடியாது.

"சரி. கொஞ்ச நாளா தூங்கும்போதும் வாட்ச கட்டிக்கிட்டே தூங்கறீங்களே, அது எந்தப் பழக்கம்?"

அவர் துணியை எடுத்தார். இறக்கைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்துவிட்டு மேஜையைத் துடைத்தார். ஒரு மூலையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். நான் துணியைப் பிடுங்கிப் போட்டேன்.

"சொல்லுங்க."

"வாட்ச் இருக்கிற கை இடது," என்றார். சின்னப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. "அத வெச்சு சமாளிச்சிட்டிருக்கேன். எனக்கு முதுகு காட்டி நிக்கிறவங்கன்னா பரவால்ல. எதிர்ல பாத்து நின்னாங்கன்னா அதத் திருப்பிப் போடணும் பாரு, அங்க வந்து நிக்குது. தெரிஞ்சிட்டே இருக்கும், திடீர்னு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும். எது எதுன்னே தெரியாது. அப்புறம் தானா சரியாயிடும்."

"அங்க... தப்பு நடந்திருக்கா?"

"ஒரு தடவ. ஒரு பெரியவரோட முட்டி. வலதுக்கு எல் வெச்சிட்டேன். கூட வேல பாக்கிற பொண்ணு பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம எழுத்த மாத்தி வெச்சா. யார்கிட்டயும் சொல்லல. நானும் சொல்லல." "அதுக்கப்புறம்தான் இந்தப் படத்தத் தேடிப் புடிச்சேன். திருப்பிச் செய்யற வேல இதுல இருக்குன்னு தெரியும். இது ஒழுங்கா வந்துட்டா எனக்கு ஒண்ணுமில்லன்னு..."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மூன்றையும் நொறுக்கியிருப்பேன். மடியில் தட்டை வைத்துக்கொண்டு நான் முணுமுணுத்த நாளெல்லாம் இந்த மனுஷன் தனக்குத்தானே பரீட்சை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். எழுதி, தோற்று, அதைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் சொருகியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது.

"நாளைக்கே போய் உங்க எக்ஸ்ரே டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா அப்புறம் என்னை அந்த ரூமுக்குள்ள விடமாட்டாங்க."

"விடக்கூடாதுங்க."

"நீ என்ன பேசறே? அந்த ரூம விட்டா எனக்கு என்ன தெரியும்? எங்க போய் உக்காருவேன்?"

"யாரோட காலையோ மாத்தி வெட்டிட்டா அப்ப எங்க போய் உக்காருவீங்க?"

அவர் முகம் சுருங்கிப்போனது. கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எனக்கு அது வராது.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அவரை வேலைக்கும் விடவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். மூன்றாவது நாள் அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு தடவ. நீ பக்கத்துல உக்காரு. இந்த வலது இறக்கைய உன் கண் முன்னாடியே செய்யறேன். சரியா வந்துட்டா இந்தப் பேச்ச விட்டுடணும். தப்பா வந்தா நானே போய் சொல்லிடறேன். ஆனா நீ வாயத் தொறக்கக்கூடாது. கண் ஜாடை காட்டக்கூடாது. பெருமூச்சு கூட விடக்கூடாது, உன் பெருமூச்சு பத்து வார்த்த பேசும்."

"சரி," என்றேன். "முடியற வரைக்கும் லீவு."

"லீவுதான்."

ஜெராக்ஸ் கடையில் இறக்கை மட்டும் புதிதாக ஒரு படம் எடுத்தோம். நான் தொழிற்சாலையிலிருந்து வரும்வரை காத்திருந்து அவர் ஆரம்பித்தார். எண்ணெய் தடவினார். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குப்புறத் திருப்பி மேஜையில் பரப்பினார். எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருந்தது. நான்கு மூலையிலும் ஊசி குத்தினார். சரி. மனசுக்குள் நான் கை தட்டினேன். தெய்வமே, இவர் சொன்னது பழக்க தோஷம்தான் போலிருக்கிறது, நான்தான் ஊதிப் பெரிதாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். வெளியே ஒரு அசைவும் காட்டவில்லை.

எண்ணெய்க் கையோடு மரத்தைத் தொடக்கூடாது என்று எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். துண்டில் துடைத்துக்கொண்டே மேஜைக்கு முன்னால் நின்றார். வரைபடத்தைப் பார்த்தார். புருவம் நெருங்கியது. வாட்ச்சைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கினார். காகிதத்தைத் திருப்பிப் போட்டார். எழுத்துகள் நேராக வந்தன, நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. உள்ளங்கையால் நீவிவிட்டுத் தனக்குள் சொல்லிக்கொண்டார்: "ஆங். இப்பதான் சரி."

ஒரு வார்த்தை போதும். 'ஏங்க' என்றாலே போதும், திரும்பிப் பார்த்துவிடுவார். அதைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சொல்லியிருந்தால் அவர் திருப்பியிருப்பார், இறக்கை சரியாக வந்திருக்கும், அடுத்த வாரம் அந்த அறைக்குள் போயிருப்பார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் முழுவதும் ஒவ்வொரு சாயங்காலமும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை நடுங்கவில்லை. ஒரு துண்டு கோணவில்லை. பசை ஒரு சொட்டு கூட வழியவில்லை. அவ்வளவு அழகாக வேலை செய்கிற கைகள், அவ்வளவு கவனமாக, தப்பான இறக்கையைக் கட்டிக்கொண்டிருந்தன. நடுவில் தலை நிமிர்ந்து, "எப்படி?" என்பது போல என்னைப் பார்ப்பார். நான் சுவரைப் பார்ப்பேன். வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் சிரித்துக்கொள்வார். பல வருஷங்களுக்குப் பிறகு அவர் வேலை செய்வதை நான் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாரத்தின் நடுவில் தம்பி வந்தான். மேஜையை ஒரு பார்வை பார்த்தான். "மாமா, இது என்ன மறுபடி—" என்று அவன் வாயெடுப்பதற்குள் அவன் காலை நன்றாக மிதித்தேன். டீ போடணும் வா என்று சமையலறைக்குள் இழுத்துப் போனேன்.

"அக்கா, அவரு தப்புப் பக்கம் போட்டிருக்காரு."

"தெரியும்டா."

"தெரிஞ்சும் சும்மா உக்காந்திருக்கியா? மனுஷன் எப்படிப் பாத்துப் பாத்துச் செய்யறாரு. பாவம்கா. ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்?"

விஷயத்தைச் சொன்னேன். அடுப்பில் டீ பொங்கி வழிந்தது, இருவரும் அணைக்கவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான் அன்னிக்கு அப்படி சிரிச்சேனேக்கா."

"நானும்தான் சிரிச்சேன். இப்ப போய் அவர்கிட்ட சினிமா பத்தி, மழை பத்தி ஏதாவது பேசு. இறக்கைய மட்டும் பாக்காத."

அவன் போய் லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு கல்யாண ஜோடியைப் பற்றி ஏதோ கதை விட்டான். இவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் வழிந்த டீயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பசை காய்ந்துவிட்டது. ஊசிகளைப் பிடுங்கினார். உப்புத்தாளால் நுனியைச் சுற்றி மெதுவாகத் தேய்த்தார், தூளை ஊதினார். விமானத்தின் உடம்பை மேஜைக்கு நடுவில் வைத்து, இடப்பக்கத்து இறக்கையைப் பொருத்தினார். பிறகு புதியதை எடுத்து வலப்பக்கம் கொண்டுபோனார்.

நுனி உள்ளே இருந்தது. திருப்பினார். இப்போது முன்பக்கம் பின்னால் போய்விட்டது. கவிழ்த்தார். வளைவு அடியில் போய்விட்டது. மறுபடி நிமிர்த்தினார். அவசரத்தில் சட்டையை மாட்டுகிறவர் கை நுழைகிற இடத்தைத் தேடுவது போல, அந்த இறக்கையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம் நிறுத்திவிட்டு, அதை மேஜையில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார்.

"நீ எப்ப பாத்தே?"

"மொத நாளே."

"மொதல்ல நான் சரியாத்தான போட்டேன்?"

"சரியாத்தான் போட்டீங்க. கை கழுவிட்டு வந்து நீங்களே திருப்பிட்டீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். "வாக்கு கெடந்துட்டுப் போகுது. பக்கத்துலதான உக்காந்திருந்தே? ஒரு வார்த்த."

"அங்க உங்க பக்கத்துல யாருங்க உக்காந்து சொல்லுவாங்க?"

அதைச் சொல்லிவிட்டு நான் அழுதுவிட்டேன். வாரமெல்லாம் பிடித்து வைத்திருந்தது. அவர் அழவில்லை. என் முதுகில் கையை வைத்தார், வாட்ச் கட்டிய கையை. மேஜையைத் துடைக்க அவர் எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, "நீயும் வா" என்றார். எக்ஸ்ரே பிரிவுக்குப் பொறுப்பான டாக்டரம்மா இவரைவிட வயதில் சின்னவர். பயிற்சிக்கு வந்த காலத்தில் படத்தைப் பிடித்துப் பார்க்கவே இவரிடம்தான் கற்றுக்கொண்டாராம். அண்ணா என்றுதான் கூப்பிடுவார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"என்னண்ணா, காய்ச்சல் விட்டுச்சா? ஆளே எளச்சுட்டீங்க. வாங்க அக்கா."

இவர் உட்காரவில்லை.

"காய்ச்சல் இல்ல மேடம். எனக்கு எது இடது, எது வலதுன்னு தெரிய மாட்டேங்குது."

டாக்டரம்மா முதலில் சிரித்தார். இவர் ஏதோ தமாஷ் செய்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எப்பலேருந்து?" என்றார். அந்தப் பெரியவரின் முட்டியைப் பற்றி இவர் சொன்னார். அந்தப் பெண் மாற்றி வைத்ததையும், அவளைத் திட்ட வேண்டாம் என்பதையும் சொன்னார். வாட்ச்சைப் பற்றிச் சொன்னார். இறக்கையைப் பற்றிச் சொல்லவில்லை, அதை எங்களுக்குள் வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எதை யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. எத்தனை பேர் அந்த அறைக்குள் போய்விட்டு வந்திருக்கிறார்கள், அவர்களில் யார் யார் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார்கள், யாருக்கு ஏற்கனவே முடிந்துவிட்டது.

"அண்ணா, அப்பலேருந்து நீங்க எடுத்த படம் அத்தனையும் மறுபடி பாத்தாகணும். சந்தேகம் இருக்கிறவங்கள எல்லாம் திரும்பக் கூப்பிடணும். இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

முந்தின நாளுக்குப் பிறகு இவர் முகம் முதல் முறையாகத் தெளிந்தது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

"அதுக்கென்ன மேடம். எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க. நானே உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்து, எது சரி எது தப்புன்னு பிரிச்சு—"

அங்கே நின்றுவிட்டார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். வெளியே வராந்தாவில் யாரோ அடுத்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அத அந்தப் பொண்ணு பாத்துக்குவாண்ணா," என்றார் டாக்டரம்மா மெதுவாக. "நீங்க உக்காருங்க. மொதல்ல உங்களப் பாக்கணும்."

"சரி மேடம்" என்று அவர் உட்கார்ந்தார்.